உப்புக் கரை - 11: பாத்தியில் மிஞ்சிய தண்ணீர்

1805இல் சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் கும்பினி தன் கைக்குள் கொண்டுவந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அளத்தில் விளைந்ததெல்லாம் சர்க்காருக்கு. விளைவித்தவருக்குக் கிடைத்தது குடிவாரம் என்ற கூலி. கரிசைக் கணக்கில் அளந்து, அம்பாரம் போட்டு, காவல் வைத்து விற்றார்கள். உப்பளத்தில் விளையும் இன்னொன்றை மட்டும் அந்த ஏற்பாடு கண்டுகொள்ளவே இல்லை. உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர்தான் அது. அதற்குக் குடிவாரமும் இல்லை, வரியும் இல்லை. வரப்பை வெட்டி ஓடையில் விடுவார்கள். அது கழிமுகத்துக்குப் போய்ச் சேரும். மரக்காணத்தில் இன்றுவரை பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

இந்தத் தண்ணீரின் வரலாற்றை உப்பின் வரலாற்றுக்குப் பின்குறிப்பாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. உப்பளத்தின் செல்வத்தில் ஒரு பாதி இதில் இருக்கிறது. அந்தப் பாதி ஏன் நம் கைக்கு வரவில்லை என்று கேட்டால் சட்டம், மழை, மூலதனம் என்று பல விடைகள் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வேதியியல் காரணம் கிடக்கிறது. தண்ணீரை விட்டுப் பிரிய மறுத்து, பிரிக்கப் போனால் தானும் உடைந்து தண்ணீரையும் உடைக்கிற ஒரு பொருள் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இந்த உடைப்புக்கு நீராற்பகுப்பு என்று பெயர்.

மரக்காணத்து உப்பளம் பழமையானது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊரின் பூமீஸ்வரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் அளங்களைப் பற்றிப் பேசுகின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் இடம் இது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இங்கேதான் முடிகிறது. மேற்கே கழுவெளி, கிழக்கே எக்கியார்குப்பம், அழகன்குப்பம் என்று மீனவர் ஊர்கள், நடுவே மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்திகள். தை பிறந்ததும் பாத்தியைச் சீர்செய்து, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, தண்ணீர் கட்டத் தொடங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை ஓடும்.

சித்திரை வெயிலில் ஒரு பாத்தியைக் கிட்டே நின்று பார்த்தால் இந்த வேதியியல் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். தெப்பத்தில் கட்டிய தண்ணீர் இரண்டு மூன்று கட்டங்கள் கடந்து பாத்திக்கு வருவதற்குள் பத்தில் ஒரு பங்காகச் சுண்டியிருக்கும். காலையில் பாத்தியின் மேல் மெல்லிய ஆடை படரும். காற்று அடிக்க அடிக்க அது உடைந்து அடியில் இறங்கும். நாலைந்து நாளில் தரை வெள்ளைப் பரலாக மாறும். வாருபலகையைப் போட்டு இழுக்கும்போது பரல் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும். உப்பு வரப்பில் ஏறிய பிறகு பாத்தியில் நிற்கிற தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். விரல் நுனியை நாக்கில் வைத்தால் முதலில் கரிக்கும், பிறகு தொண்டை வரை கசப்பு இறங்கும். அந்தக் கையைத் துடைக்காமல் வெயிலில் நீட்டினால் காயவே காயாது.

ஆயிரம் லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் ஏறக்குறைய 27 கிலோ நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு. மிச்சத்தில் பெரும்பகுதி மக்னீசியத்தின் உப்புகள். கொஞ்சம் ஜிப்சம், கொஞ்சம் பொட்டாசியம், மிகச் சிறிதளவு புரோமின். கடல்நீர் சுண்டும்போது இவை எந்த வரிசையில் வெளியே வருகின்றன என்பதை 1849இல் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் உசிக்லியோ என்ற வேதியியலர் பொறுமையாக அளந்து எழுதிவைத்தார். முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரி தாண்டியதும் உப்பு. 29, 30 டிகிரிக்கு மேல் போனால் உப்போடு மக்னீசியமும் சேர்ந்து இறங்கத் தொடங்கும். அதற்குள் நான்கில் மூன்று பங்கு உப்பு பாத்தியில் விழுந்துவிடும்.

உசிக்லியோ எழுதிய இந்த வரிசை நம் அளக்காரர்களுக்கு எழுத்தில்லாமலே தெரிந்திருந்தது. தண்ணீரின் நிறத்தையும் வழுக்கலையும் பார்த்தே 'போதும், வெட்டி விடு' என்று சொல்லும் ஆட்கள் ஒவ்வோர் அளத்திலும் உண்டு. உப்புத் தொழிலின் முழுத் திறமையும் எங்கே நிறுத்துவது என்று அறிவதில் இருக்கிறது. முழுக்க வற்றவிட்டால் அளவு கூடும், ஆனால் உப்பு கசக்கும், ஈரம் விடாது, மூட்டையில் கட்டினால் ஒழுகும்.

நிறுத்தத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு சோதனைக்குழாயில் காட்டலாம். பாத்தியில் மிஞ்சிய தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த மக்னீசியம் குளோரைடு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வெள்ளையாக, ஈரமாக இருக்கும். அதன் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. சூடாக்கினால் 117 டிகிரி செல்சியஸ் வாக்கில் தன்னிடமுள்ள தண்ணீரிலேயே உருகும். இன்னும் சூடேற்றினால் தண்ணீர் ஆவியாகப் போகும். இரண்டு மூலக்கூறு தண்ணீர் மிஞ்சும்வரை பெரிய தொல்லை இல்லை. அதற்கு மேல் அடுப்பைக் கூட்டினால் குழாயின் வாயில் மூக்கைத் துளைக்கும் புகை வரும். ஈரமான நீல லிட்மஸ் தாளை அங்கே பிடித்தால் சட்டென்று சிவக்கும். வருவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடியில் தங்கியதை ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கரையாது. மக்னீசியம் குளோரைடு போய் மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு வந்துவிட்டது.

இதையே சமையல் உப்பில் செய்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. சோடியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து, காய்ச்சி, மறுபடி கரைத்து, மறுபடி காய்ச்சினாலும் போட்டது போட்டபடி திரும்பி வரும். 801 டிகிரியில் உருகும், அப்போதும் உடையாது. சோடியம் அயனிக்கு ஒரே ஒரு நேர்மின்னூட்டம். அது தண்ணீரைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கிறது. சூடு பட்டதும் விட்டுவிடுகிறது. மக்னீசியம் அயனி அதைவிடச் சின்னது, மின்னூட்டமோ இரண்டு. தண்ணீரின் ஆக்சிஜனை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. முடிச்சை அவிழ்க்க இழுத்தால் முடிச்சு அவிழாமல் துணி கிழிகிற கதைதான்: சூடு ஏற ஏறத் தண்ணீர் விலகாமல், தண்ணீர் மூலக்கூறே பிளந்து, அதன் ஹைட்ரஜன் குளோரினைச் சேர்த்துக்கொண்டு அமிலமாக வெளியேறுகிறது. ஆக்சிஜன் மக்னீசியத்தோடு தங்கிவிடுகிறது.

இரண்டும் ஒரே கடலில் பிறந்தவை, ஒரே பாத்தியில் கிடந்தவை. ஒன்று தண்ணீரோடு சேர்ந்தாலும் பிரிந்தாலும் தானாகவே இருக்கிறது. மற்றொன்று அப்படி இல்லை. சூரியனை மட்டும் வைத்துக்கொண்டு உப்பை எடுத்துவிட முடிந்ததும், மிஞ்சிய தண்ணீரிலிருந்து மக்னீசியத்தை எடுக்க முடியாமல் போனதும் இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

இதன் தொல்லையை முதலில் அனுபவித்தவர்களில் கப்பல்காரர்களும் உண்டு. நீராவிக் கப்பல்கள் வந்த புதிதில் பாய்லருக்குக் கடல்நீரையே ஊற்றினார்கள். பாய்லரின் சூட்டில் கடல்நீரிலுள்ள மக்னீசியம் குளோரைடு உடைந்து அமிலம் உண்டாகி இரும்புத் தகட்டை அரித்தது. உப்புப் படிவதை அவ்வப்போது சுரண்டி எடுக்கலாம். அமிலம் அரித்த தகட்டை என்ன செய்வது? நீராவியைக் குளிரவைத்து நல்ல தண்ணீராக்கி, அதையே பாய்லருக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேதியியலர்களுக்கு வேறு கவலை இருந்தது. மக்னீசியத்தை உலோகமாகப் பிரிக்க வேண்டும். லண்டனில் ஹம்ஃப்ரி டேவி 1808இல் அதைச் சுத்தமில்லாத வடிவில் கண்டார். உலோகத்தைத் தாராளமாக எடுக்கவேண்டுமானால் நீர் துளியும் இல்லாத மக்னீசியம் குளோரைடு தேவை. காய்ச்சினால் அது மக்னீசியாவாக மாறிப்போகிறது. இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர்களில் ஜெர்மானியர் யூஸ்டுஸ் லீபிக் முக்கியமானவர். நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடை அதோடு கலந்து காய்ச்சினார். நவச்சாரம் சூட்டில் அமில வாயுவைத் தானே வெளியிடும். சுற்றிலும் அமிலம் சூழ்ந்திருக்கையில் மக்னீசியம் குளோரைடு தன் குளோரினை இழக்க வழியில்லை. கடைசித் தண்ணீரும் போன பிறகு நவச்சாரம் ஆவியாகிப் போய்விடும். பாரிசில் அந்துவான் புஸ்ஸி இத்தகைய நீரற்ற குளோரைடைப் பொட்டாசியத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பளபளக்கும் மக்னீசியத்தை எடுத்தார். 1833இல் மைக்கேல் ஃபாரடே உருகிய மக்னீசியம் குளோரைடில் மின்சாரம் செலுத்தி அதே உலோகத்தைப் பிரித்தார். இன்றைய தொழிற்சாலைகளில் நடக்கும் முறை ஒன்றுக்கு இதுவே வேர்.

இதே லீபிக் உப்பளத்துத் தண்ணீரில் ஒரு பெரிய கண்டுபிடிப்பைக் கை நழுவ விட்டவர் என்பதையும் சொல்லவேண்டும். தென் பிரான்சின் மோன்பெலியே ஊர் உப்பளங்களில் மிஞ்சிய கசப்பு நீரில் குளோரினைச் செலுத்திய அந்துவான் பலார் என்ற இளைஞர் அது மஞ்சளாக மாறுவதைக் கண்டார். அதிலிருந்து மூச்சு முட்டும் நெடியுள்ள செம்பழுப்பு நிறத் திரவத்தைப் பிரித்தார். 1826இல் அவர் அறிவித்த புதிய தனிமம் புரோமின். அப்போது அவருக்கு வயது 23. அதற்கு முன்பே லீபிக்கிடம் அந்தத் திரவம் வந்திருந்தது. அயோடினும் குளோரினும் சேர்ந்த சேர்மம் என்று பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். உப்பளத்தில் வீசி எறியும் தண்ணீரில் ஒரு தனிமமே ஒளிந்திருந்தது என்ற செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது. அந்த ஆண்டுகளில் சோழமண்டலக் கடற்கரையில் அதே தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கே அதைச் சோதித்துப் பார்க்க ஆளும் இல்லை, ஆளை அனுப்ப அரசுக்கு அக்கறையும் இல்லை. உப்பிலிருந்து வரும் வரி போதும் என்று இருந்தது சர்க்கார்.

வரிக்காக வகுத்த ஏற்பாடு தற்செயலாக ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. சர்க்கார் கிடங்குகளில் உப்பு மாதக்கணக்கில் அம்பாரமாகக் கிடக்கும். காற்றின் ஈரத்தை மக்னீசியம் குளோரைடு இழுத்துக்கொள்ளும். இழுத்த ஈரத்தில் தானே கரைந்து அம்பாரத்தின் அடி வழியாக வடிந்துவிடும். இருப்பு வைத்த பழைய உப்பில் கசப்பு குறைவாகவும், புது உப்பு எப்போதும் ஈரமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பனையோலை வேய்ந்தோ தார்ப்பாய் போர்த்தியோ மரக்காணத்தில் அம்பாரம் போட்டு வைக்கும் வழக்கத்தில் மழைக்குக் காப்பும் உண்டு, இந்த வடிகட்டலும் உண்டு.

கரையின் கிழக்குப் பக்கம் வாழ்ந்த மீனவருக்கு இந்த வேதியியல் வேறு வழியில் வந்து சேர்ந்தது. மீன் செத்தவுடன் அதன் சதையில் நடப்பதும் நீராற்பகுப்புதான். உடம்பிலுள்ள நொதிகள் தண்ணீரைப் பயன்படுத்திப் புரதச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கின்றன. சதை குழைவதும் நாள்பட்ட மீன் காறுவதும் இப்படித் தொடங்குகிறது. உப்பு போட்டால் சதையிலுள்ள தண்ணீர் வெளியே வரும். வெயிலில் காயவைத்தால் இன்னும் போகும். தண்ணீர் இல்லையென்றால் வெட்டும் வேலையும் நின்றுவிடும். நெத்திலி, வாளை என்று எந்த மீனானாலும் கருவாடு நிலைப்பது இதனால்தான்.

உப்பில் வரி ஏறியபோது முதலில் அடிபட்டது கருவாடு. விலை கொடுத்து உப்பு வாங்க முடியாத மீனவர் உவர் மண்ணைப் போட்டு மீனைக் காயவைத்தார்கள். மீன் பாதி அழுகியது. இந்தியக் கடல் மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1873இல் எழுதிய அறிக்கையில், உப்பு வரி மீன் பதப்படுத்தும் தொழிலை நசுக்குகிறது என்று காட்டினார். அதன் பிறகு சென்னை மாகாணத்துக் கடற்கரையில் மீன் உப்பிடும் முற்றங்கள் வந்தன. வேலிக்குள் கொண்டுவந்து உப்பிடும் மீனுக்கு மட்டும் வரியில்லாத உப்பு கொடுத்தார்கள். 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியில் சென்னை மாகாண மீன்வளத்துறை உருவானது. உப்பின் தரம் கருவாட்டின் தரத்தை நிர்ணயிக்கும் என்பதும் மெல்ல மெல்லப் புரிந்தது. மக்னீசியமும் கால்சியமும் கலந்த உப்பு மீனின் சதைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். அதற்குள் உள்சதை கெடத் தொடங்கிவிடும். பதமான கருவாடும் வெளிறிப்போய் உதிரும், கசக்கும். அளத்துக்காரர் 30 டிகிரிக்கு மேல் பாத்தியை விட்டாரா, முன்னாலேயே வெட்டினாரா என்பது ஐம்பது மைல் தள்ளிச் சந்தையில் கருவாடு வாங்கும் வீட்டில் தெரியும்.

மிஞ்சிய தண்ணீருக்கு இந்தியாவில் விலை வந்தது ஒரு போரினால். பம்பாய், அகமதாபாத் ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடும்போது மக்னீசியம் குளோரைடு சேர்ப்பார்கள். காற்றின் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்வதால் நூல் காய்ந்து அறுந்துபோகாது. அந்தச் சரக்கு ஜெர்மனியிலிருந்து, ஸ்டாஸ்ஃபுர்ட் சுரங்கங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1914இல் போர் மூண்டதும் வரத்து நின்றது. குஜராத்தில் சின்ன கட்ச் ரண் விளிம்பில் இருக்கும் காராகோடா உப்பளத்தில் மிஞ்சிய தண்ணீரைக் காய்ச்சி மக்னீசியம் குளோரைடு எடுக்கும் தொழில் அப்போதுதான் வேர்விட்டது. நிலத்தடியிலிருந்து இறைத்த அந்த உவர்நீரில் மக்னீசியம் குளோரைடு அதிகம்.

காராகோடாவில் கண்ட வழி எளிமையானது, அழகானதும்கூட. ஆறு தண்ணீரையும் பிரிக்க அவர்கள் முயலவே இல்லை. ஆறும் ஒட்டியிருக்கும் பதத்தில் காய்ச்சுவதை நிறுத்தி, உருகிய நிலையில் ஊற்றி இறுகவிட்டால் விற்பனைக்குச் சரக்கு தயார். நீராற்பகுப்பு தொடங்கும் சூட்டுக்கு அது போகவே வேண்டாம். அளத்துக்காரரின் பழைய திறமையையே, அதாவது எங்கே நிறுத்துவது என்ற அறிவையே, கொப்பரையில் செய்தார்கள். மரக்காணத்தில் இது ஏன் நடக்கவில்லை? கடல்நீரிலிருந்து வரும் கசப்பு நீரில் சல்பேட்டும் கலந்திருப்பதால் மக்னீசியம் குளோரைடைத் தனியாக்குவது கடினம். ஆலைகள் இருந்ததும் வடக்கே. காராகோடாவில் மழை குறைவு. மரக்காணத்தில் ஐப்பசி வந்தால் எல்லாம் நீர்த்துப்போகும்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்து உப்பெடுத்தபோது உப்புச் சட்டம் ஆட்டம் கண்டது. தொண்டர்கள் ஊர் ஊராகக் கடல்நீரைச் சட்டியில் காய்ச்சினார்கள். சட்டியில் முழுக்க வற்றக் காய்ச்சிய உப்பில் மக்னீசியம் அத்தனையும் தங்கியிருக்கும். வாயில் வைத்தால் கசக்கும். அது சுவைக்காக எடுத்த உப்பும் அல்ல. அதன் பிறகும் பதினேழு ஆண்டுகள் வரி தொடர்ந்தது. 1947 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஒழிந்தது. வரி ஒழிந்ததும் உப்பு வெறும் சரக்கானது. சர்க்காரின் கண் முதல் முறையாக அளத்தில் கிடந்த மற்றப் பொருள்கள் மீது விழுந்தது.

அதற்குள் உலகம் வெகுதூரம் போயிருந்தது. 1941 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஃப்ரீபோர்ட்டில் டவ் நிறுவனம் கடல்நீரிலிருந்தே மக்னீசியம் உலோகம் எடுத்தது. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் மக்னீசியம் 1.3 கிலோதான். சிப்பியோட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைக் கடல்நீரில் கலந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடைப் படியவைத்து, அதை அமிலத்தில் கரைத்துக் குளோரைடாக்கினார்கள். கடைசித் தண்ணீரில் வந்து அவர்களும் முட்டிக்கொண்டார்கள். முழுவதும் நீக்கினால் உடையும் என்பதால் கொஞ்சம் தண்ணீரோடேயே மின்கலத்தில் போட்டார்கள். அந்தத் தண்ணீர் தின்னும் மின்முனைகளை அடிக்கடி மாற்றும் செலவை ஏற்றுக்கொண்டார்கள். போர் விமானங்களுக்கு எடை குறைந்த உலோகம் வேண்டியிருந்த காலம் அது. உப்பளத்தில் சுண்டிய கசப்பு நீரில் மக்னீசியத்தின் செறிவு கடல்நீரைவிடப் பல மடங்கு. அவர்கள் பட்ட பாட்டில் பாதி நமக்கு வெயில் செய்து கொடுக்கிறது.

சுதந்திர இந்தியாவில் இந்த வேலையை எடுத்துக்கொண்ட இரண்டு ஆய்வகங்கள் எழுந்தன. பாவ்நகரில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தை 1954 ஏப்ரலில் நேரு திறந்துவைத்தார். காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாவ்நகர்க்காரர்கள் கசப்பு நீரிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் வழிகளை வகுத்தார்கள். காரைக்குடிக்காரர்கள் மக்னீசியம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபாரடே செய்ததைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவருவது அவர்கள் நோக்கம். நீரற்ற மக்னீசியம் குளோரைடு செய்வதுதான் அந்த வேலையின் கழுத்தைப் பிடிக்கும் இடம்.

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் 1974இல் தோன்றிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்கள் இருக்கின்றன. அங்கே மிஞ்சும் தண்ணீரையும் காரைக்குடித் தொழில்நுட்பத்தையும் நம்பித் தமிழ்நாடு மக்னீசியம் மற்றும் கடல்சார் வேதிப்பொருள் நிறுவனம் தொடங்கப்பட்டது. கடலோரத் தமிழர் ஒருவருக்கு இதைக் கேட்கும்போதே நெஞ்சு நிமிரும்: உப்பளத்தில் வாய்க்காலுக்குப் போன தண்ணீரிலிருந்து, தமிழ்நாட்டில் பிறந்த அறிவைக் கொண்டு, விமானத்துக்குப் போகும் உலோகம். நிறுவனம் நிலைக்கவில்லை, மூடிப்போனது. மின்சாரத்தை ஏராளமாகக் குடிக்கும் தொழில் அது. நீரின் கடைசிச் சொட்டை விலக்கச் செலவும் அதிகம். மலிவான உலோகம் சந்தையில் நிறைந்த காலத்தில் சின்ன ஆலை தாக்குப்பிடிப்பது கடினம். ஆனாலும் அந்த முயற்சியைத் தோல்வி என்று ஒரே சொல்லில் மூடிவிட எனக்கு மனமில்லை. இந்தக் கரையில் யாரோ ஒருவர் மிஞ்சிய தண்ணீரைப் பொருளாக மதித்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

மரக்காணத்துக்குத் திரும்புவோம். பெரிய உப்பு நிறுவனங்கள் தங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரிலிருந்து வரும் கசப்பு நீரை ஒரே தெப்பத்தில் சேர்த்து, இன்னும் சுண்டவைத்து, புரோமினும் மக்னீசியம் குளோரைடும் எடுக்கின்றன. மரக்காணத்து அளங்கள் குத்தகைக்கு எடுத்த சிறு சிறு துண்டுகள். ஒவ்வொருவர் பாத்தியிலும் மிஞ்சுவது கொஞ்சம்தான். டிகிரியும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு டன் உப்பு வாரினால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கசப்பு நீர் மிஞ்சும் என்பது தொழிலில் பொதுவான கணக்கு. மரக்காணத்து மொத்த விளைச்சலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு தண்ணீர் வருடா வருடம் ஓடைக்குப் போகிறது என்று புரியும். அதில் பொட்டாசியமும் இருக்கிறது. வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் ஏறக்குறைய முழுவதையும் இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது.

கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், உப்பில் வெடித்த காலோடு வாருபலகை இழுக்கிற பெண்ணுக்கு உப்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி பெரிதாக மாறுவதில்லை. மழைக்காலம் வந்தால் அதுவும் இல்லை. மிஞ்சிய தண்ணீருக்கு ஒரு விலை வந்தால் அது அவர் வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும். அதற்கு மக்னீசியம் உலோகம்வரை போகத் தேவையில்லை. காராகோடா காட்டிய இடத்தில் நிறுத்தினால் போதும். குத்தகைதாரர்கள் எல்லோருக்கும் பொதுவாக, களிமண் போட்டு இறுக்கி, கழுவெளிக்குக் கசியாமல் வரப்பு கட்டிய ஒரு தெப்பம் வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் பாத்திகளின் மிச்சத் தண்ணீரெல்லாம் அதில் சேரவேண்டும். மழைக்கு மேலே மூட ஒரு வழி வேண்டும். 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, இந்தத் தண்ணீரைக் கழிமுகத்தில் இஷ்டப்படி விடுவது இன்னும் பொறுப்பில்லாத காரியமாகிவிட்டது. தெப்பம் கட்ட நிலம் வேண்டும். உப்பள நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசுடையது, குத்தகையை உப்புத் துறை தருகிறது. ஆகவே இந்தக் கோரிக்கையை எழுதி அனுப்பவேண்டிய முகவரி ஒன்றுதான். குத்தகை புதுப்பிக்கும்போது தெப்பத்துக்கான பொது நிலத்தையும் அதே பத்திரத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.

(தொடரும்)